வாய் திறப்பு பதினேழு மில்லிமீட்டர்

ஆகஸ்ட் 5, திங்கள்

வக்கீல் ஒருவர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஏழு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து எழுதுகிறேன். பேசுவது கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. எழுதுவதற்கு வாய் தேவையில்லை.

பெயர் ஏகாம்பரம். வயது ஐம்பத்தொன்று. எங்கள் ஊர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் அலுவலக உதவியாளர். ஜனங்கள் டவாலி என்பார்கள். வழக்கு எண் வந்ததும் வாசலுக்குப் போய், சம்பந்தப்பட்டவர் பெயரை மூன்று முறை சத்தமாகக் கூப்பிட வேண்டும். இருபத்தாறு வருடமாகக் கூப்பிடுகிறேன். மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் நானும் மனைவி தனகோட்டியும்தான். அவள் அங்கன்வாடியில் வேலை செய்கிறாள்.

காலையில் இட்லியை எட்டாகப் பிட்டுச் சாப்பிட்டேன். தனகோட்டி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாங்க, கொழந்தைக்கு ஊட்டற மாதிரி பிட்டுக்கினு இருக்கீங்க?"

கடைவாய்ப் பல் முளைக்கிறது என்றேன். ஐம்பத்தொரு வயதில் முளைக்குமா என்று அவள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். டார்ச் அடித்து, "ஆ சொல்லுங்க" என்றார். சொன்னேன். "இன்னும் பெரிசா" என்றார். இதுதான் பெரிசு என்றேன். தொண்டையே தெரியவில்லையாம். பாக்கு, குட்கா ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு பீடா போடுவதெல்லாம் அதில் சேராது.

வரும் வழியில் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் கன்னியப்பன் பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்கினேன்.

ஆகஸ்ட் 10, சனி

விடுமுறை. எலும்பு முறிவு வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் போனேன். தாடை பிடித்திருக்கிறது என்று சொல்லி, இரண்டு கன்னத்திலும் எண்ணெய் தேய்த்து, மோவாயைப் பிடித்துக் கீழே இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. வாய் வந்தபடியே இருக்கிறது. கன்னம் வழுவழுப்பாகிவிட்டது.

தீப்பெட்டி வாங்கினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுக்காரர். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். ஆரோக்கியமான வாய்க்கு அதுதான் அளவாம். ஒன்றரை விரல் போனது. அரை விரல் என்று ஒரு கணக்கு உண்டா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கண்ணாடிக் குச்சியைக் கஷ்டப்பட்டு நுழைத்து உள்பக்கக் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள தோல் வெள்ளையா, பலகை மாதிரி ஆயிருக்கு. குட்கா பொட்டலம் எவ்வளவு நாளா போடறீங்க?"

"எப்பவாவது."

"இது என்னால பார்க்க முடியாதுங்க. வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை செய்ற ஸ்பெஷலிஸ்ட் இருப்பாங்க. அவங்களத் தேடிப் போங்க. தள்ளிப்போடாதீங்க."

நம் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. கோர்ட்டில் தலைமை எழுத்தரிடம் காட்டினேன். "நாள்பட்டதுன்னு எழுதியிருக்கார்" என்றார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஸ்பெஷலிஸ்ட்டைத் தேடுகிறேன். மருந்துக்கடைக்காரர், தாடை எலும்புதானே என்று எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். எலும்பு டாக்டர் கழுத்துக்குக் கீழேதான் தன் வேலை என்றார். வக்கீல் குமாஸ்தா ஒருவர், காஞ்சிபுரத்தில் முகத்துக்கென்றே தனி ஆஸ்பத்திரி வந்திருக்கிறது, பெரிய பலகை வைத்திருக்கிறார்கள் என்றார்.

காரம் ஒத்துக்கொள்ளவில்லை. ரசம்கூட வாயில் பட்டால் எரிகிறது. தனகோட்டி இன்று கேட்காமலே தயிர்சாதம் பிசைந்து வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 24, சனி

காஞ்சிபுரம் போனேன். பெரிய பலகைதான். குளிர்சாதன அறை. ஒரு பெண் என்னை உட்காரவைத்துப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் தலைக்கு மூவாயிரம் முடி தேவைப்படும் என்றாள். பின்னந்தலையிலிருந்து எடுத்து முன்பக்கம் நடுவார்களாம். வாயைத் திறக்க முடியவில்லை என்றேன். அதற்கு அவர்களிடம் ஆள் இல்லையாம். ஆனால் கன்னத்தில் குழி விழவைக்க முடியுமாம்.

மூவாயிரம் முடி என்பது அதிகமாகப் படுகிறது.

வீட்டுக்கு வந்ததும் தனகோட்டி, "கரண்ட் போச்சு, தீப்பெட்டி எங்கங்க?" என்றாள். தேடினேன். ஒன்றும் இல்லை.

"இந்த மாசம் பூரா தீப்பெட்டி வாங்கப் போறேன்னு போறீங்களே, ஒண்ணுகூடவா ஊட்டுக்கு வந்து சேரல?"

ஆபீசில் சாமிக்கு விளக்கு ஏற்றுகிறோம் என்றேன்.

ஆகஸ்ட் 28, புதன்

போலீஸ் வந்து கன்னியப்பன் கடையைச் சோதனை போட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து பதினான்கு கிலோ பொட்டலம் எடுத்தார்களாம். கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அவரை வேனில் ஏற்றும்போது நான் வாசலில்தான் நின்றிருந்தேன். எனக்கு இதனால் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

தலைவலி. கை லேசாக நடுங்குகிறது. ஊரெல்லாம் காய்ச்சல்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். பிறகு ரயில்வே கேட் வரை. நடப்பது உடம்புக்கு நல்லது.

செப்டம்பர் 1, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழக்கடை வைத்திருக்கும் ஒருவருடைய பழக்கம் கிடைத்தது. தலைவலி இல்லை.

செப்டம்பர் 4, புதன்

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

காலையில் ஒரு நிலத்தகராறு அடிதடி வழக்கு. இரண்டாம் எதிரி ஆதிகேசவலு, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன். மூன்று முறை. யாரும் வரவில்லை. உள்ளே வந்து, ஆஜரில்லை என்றேன். வாரண்ட் போட்டார்கள்.

மதியம் வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் தலைமை எழுத்தரிடம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். காலை ஒன்பது மணியிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

"எம்பேர கூப்புடவே இல்லியே சாமி. வேற யாரையோ எதிகெசலு, எதிகெசலுன்னு கூப்ட்டாங்க. தெலுங்குக்காரரு போலன்னு இருந்துட்டேன்."

அவரோடு வந்த மருமகள், மாமனாரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா என்று என்னிடமே கேட்டாள். நாளைக்கு மனு போட்டால் ரத்தாகிவிடும் என்று சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கும் புரியவில்லை.

நான் அவரைக் கூப்பிட்டேன். அது அவர் பெயராக வெளியே போகவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

வாரண்ட் ரத்தானது. பெரியவர் போகும்போது எனக்கும் ஒரு கும்பிடு போட்டார். போடாமல் இருந்திருக்கலாம்.

மாஜிஸ்ட்ரேட் அம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். என் மகளைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும்.

"ஏகாம்பரம், உடம்புக்கு என்ன?"

"பல் வலிங்கம்மா."

"பேர் தெளிவா விழலை. ஒருத்தர் ஜெயிலுக்குப் போயிருப்பார். சரியாகிற வரைக்கும் நீங்க ரெக்கார்டு ரூம் பாருங்க. இது தண்டனை இல்ல."

சரிங்கம்மா என்றேன். தண்டனை இல்லை என்று கோர்ட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

ரெக்கார்டு ரூம். பழைய வழக்குக் கட்டுகளுக்குத் தூசி தட்டினேன். எனக்குப் பதில் தட்டச்சர் கூப்பிடுகிறார். பெயரை ராகம் போட்டு இழுக்கிறார்.

தனகோட்டியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

பழக்கடை வரை நடந்தேன்.

செப்டம்பர் 25, புதன்

கன்னியப்பன் வழக்கு இன்று. கட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். பிரித்து, தாள்களை வரிசைப்படுத்தினேன். முதல் தகவல் அறிக்கைக்குக் கீழே, போலீசுக்கு வந்த மொட்டைக் கடுதாசி ஒன்று இணைத்திருந்தது. கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையில், அரிசி மூட்டைக்குப் பின்னால், தடை செய்த பொட்டலம் இருக்கிறது என்று எழுதியிருந்தது. குடும்பம் கெடுகிறது என்றெல்லாம் இல்லை. 'வாங்கிப் போடுகிறவர்களுக்கு வாய் திறக்க முடியாமல் போகிறது' என்று மட்டும் இருந்தது. கையெழுத்து இல்லை.

எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து. குழந்தைகளுக்கு எழுதிப் போடுகிற மாதிரி குண்டு குண்டாக இருக்கும். இருபத்துநான்கு வருடமாக மளிகைச் சீட்டில் பார்க்கிறேன்.

கட்டைக் கட்டி மேசையில் வைத்தேன்.

கன்னியப்பன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் போடும் முன் மாஜிஸ்ட்ரேட் அம்மா கேட்டார்.

"கோர்ட்டுக்கு எதிர்லயே வச்சு விக்கிறியே, யார் வாங்குறாங்க?"

"வர்றவங்கதான்மா."

"பேர் தெரியுமா?"

"பேரெல்லாம் கேக்கறது இல்லீங்கம்மா."

என் பெயர் அவருக்குப் பதினொரு வருடமாகத் தெரியும். நான் ஆறு அடி தூரத்தில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்தபின் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் கன்னியப்பன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் ஒருநாளும் வாயில வச்சதில்ல. விக்கறதோட சரி. உங்க ஊட்டம்மா ரெண்டு தபா வந்து கேட்டாங்க, எங்க ஊட்டுக்காரருக்குக் குடுக்காதீங்கன்னு. நான்தான் கேக்கல. யாவாரம் ஆச்சேன்னு. உங்கள இப்டிப் பாக்க எனக்கே ஒரு மாதிரியா கீது" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். தனகோட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கன்னியப்பன் கேஸ் முடிஞ்சுது" என்றேன்.

"ம்."

"கட்டு நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அவள் கை நின்றது. எழுந்து போய், அரிசி டப்பாவுக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி, அறை எண், டாக்டர் நளாயினி, வாய் முகத் தாடை அறுவை சிகிச்சைப் பிரிவு, திங்கள் புதன் காலை எட்டு மணி. அதே குண்டு எழுத்து.

"எப்ப விசாரிச்சே?"

"ஜூலைல. எங்க பயிற்சிக்கு வந்த டாக்டரம்மாகிட்டக் கேட்டேன்."

"ரெண்டு மாசமா வச்சுக்கினு இருக்கியா?"

"நீங்களா வாயத் தெறந்து சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள். பிறகு, "அது தப்புதான். இழுத்துக்கினு போயிருக்கணும்" என்று கீரைக்குத் திரும்பினாள்.

ஊரெல்லாம் தேடிய ஆள் இரண்டு மாதமாக அரிசி டப்பாவுக்குள் இருந்திருக்கிறார்.

செப்டம்பர் 30, திங்கள்

முதல் பஸ்ஸில் சென்னை. வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது பேர். பாதிப் பேர் என் மாதிரிதான், பல்லைக் கடித்துக்கொண்டே பேசினார்கள். ஒருவன் கல்லூரிப் படிப்புகூட முடித்திருக்கமாட்டான்.

டாக்டர் நளாயினி குள்ளமாக, கண்ணாடி போட்டிருந்தார். அளவுகோல் மாதிரி ஒரு கருவியை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்துப் பார்த்து, "பதினேழு மில்லிமீட்டர்" என்றார். மாணவி ஒருத்தி எழுதிக்கொண்டாள்.

"பொட்டலம் ஒரு நாளைக்கு எத்தனை?"

"எப்பவாவது."

டாக்டர் பேனாவைத் தாளில் வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனகோட்டி சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு" என்றேன்.

"பதினஞ்சு" என்றாள் தனகோட்டி, படத்தைப் பார்த்தபடியே.

டாக்டர் பதினைந்து என்று எழுதினார்.

"இப்பவும் உண்டா? நேத்து?"

"நேத்து நாலு. இன்னிக்கு இல்ல."

"இன்னிக்கு இன்னும் முடியல" என்றார் டாக்டர். இடது கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறதாம். அது அவருக்குப் பிடிக்கவில்லையாம். மரக்கவைக்கும் ஊசி போட்டு, கடுகளவு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் தெரியும்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் பேசவில்லை. எனக்குக் கன்னம் மரத்திருந்தது. அவளுக்கு என்ன என்று தெரியவில்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, தினம் ஒன்றாகக் கூட்ட முயல வேண்டும் என்பது டாக்டர் சொன்ன பயிற்சி. அங்கன்வாடியில் குழந்தைகள் வீடு கட்டி விளையாடும் குச்சிகளைத் தனகோட்டி கொண்டுவந்து வெந்நீரில் போட்டு எடுத்தாள். எட்டுக் குச்சி போனது. குழந்தைகளின் எடையைக் குறிக்கும் வளர்ச்சி அட்டை ஒன்றில் என் பெயர் எழுதி, எட்டில் ஒரு புள்ளி வைத்தாள். அட்டையில் அந்த இடம் சிவப்பு. கடுமையான எடைக்குறைவு என்று அச்சடித்திருக்கிறது.

அக்டோபர் 5, சனி

எட்டுக் குச்சி. கோபம் வருகிறது. யார்மேல் என்று தெரியாததால் மின்விசிறியைத் துடைத்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

முடிவு வாங்கப் போனோம். உள்ளே கூப்பிடும் வரை ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு பெண்மணி ஆரஞ்சு உரித்துத் தின்றாள். முழுச் சுளையாக வாயில் போட்டாள்.

டாக்டர் தாளைப் படித்துவிட்டுச் சொன்னார்.

"இன்னும் புற்றுநோய் ஆகல. ஆகற வழியில இருக்கு. அந்தத் திட்டை எடுத்துடணும். அதோட ரெண்டு கன்னத்துலயும் இறுகின நாரை அறுத்து விட்டா வாய் திறக்கும். நான் செய்யறேன். ஆனா ஒரு மாசம் நீங்க பொட்டலத்தைத் தொடக் கூடாது. நான் அறுத்துவிட்ட வாயில நீங்க மறுபடி அதையே போட்டா, எதுக்கு அறுக்கணும்?"

நவம்பர் ஆறாம் தேதி குறித்தார். ஆகட்டும் என்றேன். தனகோட்டி, "இன்னும் ஆகலதானே டாக்டர்?" என்று மூன்று முறை கேட்டாள். டாக்டர் மூன்று முறையும் பதில் சொன்னார்.

அக்டோபர் 16, புதன்

மதியம் பழக்கடைக்குப் போனேன். இதுவரை இந்த டைரியில் நடந்தேன், வாங்கினேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். பொட்டலம் வாங்கினேன். கிழித்தேன். போட்டேன். பரிசோதனைக்குச் சதை எடுத்திருந்த புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. நெருப்பு மாதிரி எரிந்தது. எரிந்தும் துப்பவில்லை. அதையும் எழுத வேண்டும்.

சாயங்காலம் தனகோட்டியிடம் சொன்னேன். இருபத்துநான்கு வருடத்தில் அவளாகக் கண்டுபிடிக்கும் முன் நானாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவள் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. பாத்திரச் சத்தமும் இல்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. நாளையில இருந்து மறுபடி ஒண்ணுன்னு எண்ணுவோம்" என்றாள்.

அக்டோபர் 17, வியாழன்

டாக்டர் திட்டவில்லை. நவம்பர் இருபது என்றார். அதற்கு மேல் அந்தத் திட்டு காத்திருக்காது என்றார்.

நாள் ஒன்று.

அக்டோபர் 23, புதன்

நாள் ஏழு. ரெக்கார்டு ரூமில் 1998ஆம் வருடக் கட்டுகளை அடுக்கி முடித்தேன். அவ்வளவு வேகமாக யாரும் அடுக்கியதில்லை என்று தலைமை எழுத்தர் சொன்னார். கைக்கு வேறு வேலை இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. முறுக்கை வெந்நீரில் ஊறவைத்துக் கரண்டியால் சாப்பிட்டேன். மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, என்னப்பா அது என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். மாப்பிள்ளை போனை வாங்கி, நான் வருகிறேன் மாமா என்றார்.

நாள் பதினைந்து.

நவம்பர் 15, வெள்ளி

நாள் முப்பது. ஒன்பது குச்சி. அட்டையில் இன்னும் சிவப்புதான்.

நவம்பர் 19, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். வார்டில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் கஞ்சி. மயக்க மருந்து டாக்டர் வந்து, வாய் திறக்காததால் குழாயை மூக்கு வழியாக விடுவோம் என்றார். பயமா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என் நாடியைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, கொஞ்சம் பயம்" என்றேன்.

நவம்பர் 23, சனி

பேசக் கூடாது. இரண்டு கன்னமும் பூசணிக்காய். மாப்பிள்ளை இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். ஆபரேஷன் நான்கு மணி நேரம் ஆனதாம். தனகோட்டி வெளியே நின்றே இருந்தாளாம், நாற்காலி காலியாக இருந்தும். இதை மாப்பிள்ளை சொன்னார். அவள் சொல்லவில்லை.

நவம்பர் 27, புதன்

எடுத்த திட்டின் முடிவு வந்துவிட்டது. ஓரங்களில் கெட்ட அணு இல்லை. டாக்டர் நளாயினி வாயில் திருகு வைத்த கருவியை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தார். உயிர் போய் வந்தது. "முப்பத்திரண்டு" என்றார். தினம் ஐந்து வேளை நானே இதைச் செய்ய வேண்டுமாம். எத்தனை நாளைக்கு என்று எழுதிக் காட்டினேன். நிறுத்தினால் பழையபடி இறுகிவிடும், அதனால் இதைக் குளிக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். திட்டு மறுபடி வராது என்று தன்னால் உறுதி தர முடியாது என்றும் சொன்னார்.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோயம்பேடு வரை ஆட்டோ, அங்கிருந்து வேலூர் பஸ். தனகோட்டிக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தேன். பூந்தமல்லி தாண்டும் முன்பே தூங்கிவிட்டாள். தலை என் தோளில் விழுந்தது. கையில் மருந்துப் பையைப் பிடித்தபடியே தூங்கினாள். ஆஸ்பத்திரியில் பதினான்கு நாளும் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். ஆனால் நான் எப்போது கண் விழித்தாலும் அவள் விழித்திருந்தாள். அதற்கு முன்பும் எத்தனை மாதமோ தெரியவில்லை, நான் கவனிக்கவில்லை.

எங்கள் ஊருக்குக் காஞ்சிபுரத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். காஞ்சிபுரம் வந்தது. பாதிப் பேர் இறங்கினார்கள். தனகோட்டி விழிக்கவில்லை. நடத்துநர் எங்களைப் பார்த்து, "காஞ்சிபுரம்தானே சார்?" என்றார்.

ஆற்காடு போய்ச் சுற்றிக்கொண்டும் எங்கள் ஊருக்கு வரலாம். ஒன்றரை மணி நேரம் கூட ஆகும்.

"ஆற்காடு, ரெண்டு" என்றேன்.

தையல் இழுத்தது. நடத்துநர் திருப்பிக் கேட்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.